மேஜர் டெய்லர்

பந்தயத்தில் முதலில் வந்தவன் பெயரை உலகம் ஏட்டில் எழுதிக்கொள்ளும். இரண்டாமவனையும் ஒருகால் நினைவு கூரும். 23ஆம் இடத்தில் வந்தவனை நினைப்பார் யார்? ஆயினும், 1896ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நியூ ஜெர்ஸி மாகாணத்து இர்விங்டன், மில்பர்ன் என்னும் இரண்டு ஊர்களுக்கிடையே நிகழ்ந்த 25 மைல் பைசிக்கிள் பந்தயத்தில் 23ஆமவராக எல்லைக்கோட்டைக் கடந்த ஓர் இளைஞரைப் பற்றியே நாம் இங்கு எழுதத் துணிந்தோம். அவருக்கு அப்போது வயது 17. மார்ஷல் வால்ட்டர் டெய்லர் என்பது பெற்றோர் இட்ட பெயர். மேஜர் டெய்லர் என்பது உலகம் அழைத்த பெயர். மூன்று ஆண்டுகளில் அவர் உலகச் சாம்பியன் ஆனார். அவர் வென்ற பந்தயங்களைக் கணக்கிட்டு எழுதியோர் பலர். நமக்கோ, அவர் வெல்லாத அந்த ஒரு பந்தயமே அவரை உள்ளவாறு காட்டுகின்றது எனத் தோன்றுகின்றது.

டெய்லர் 1878ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 26ஆம் நாள் இந்தியானா மாகாணத்து இந்தியானாபொலிஸ் நகரில் எளிய கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். உடன்பிறந்தாரோடு சேர்த்து மக்கள் எண்மர். தந்தையார் கில்பர்ட் டெய்லர், அடிமை வாழ்வை ஒழித்த உள்நாட்டுப் போரில் வடவர் படையில் நின்று போர் புரிந்தவர். போர் முடிந்தபின் அவர் செய்த தொழில், ஸதர்ட் என்னும் செல்வர் வீட்டில் குதிரை வண்டி ஓட்டுதல். அவ்வீட்டுப் பிள்ளை டேனியலும் சிறுவர் மார்ஷலும் ஒத்த வயதினர். இருவருக்குள்ளும் நட்பு முற்றவே, மார்ஷல் அவ்வீட்டிலேயே தங்கி, டேனியலுக்குப் பாடம் சொல்ல வந்த ஆசிரியரிடமே தாமும் பாடம் கேட்டு, அவன் உடுத்தது போன்ற உடையே உடுத்தி வளர்ந்தார். ஒரு பைசிக்கிளும் அங்கேதான் அவர் கைக்கு வந்தது.

அவ்வீட்டினுள் வேற்றுமை இல்லை; வீதிக்கு வந்தால் உண்டு. டேனியலும் மற்றத் தோழர்களும் அந்நகரத்து வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் தேகப்பயிற்சிக் கூடத்திற்குச் செல்லும்போது மார்ஷலும் உடன் சென்றார். தோழர்கள் உள்ளே போயினர். நிறம் கருதி இவரை மட்டும் வாயிலில் நிறுத்தினர். இனத் துவேஷத்தை அவர் முதன்முதல் கண்ட இடம் அதுவே. கிறிஸ்துவின் பெயரைத் தாங்கிய சங்கத்தின் வாயிலில் இது நிகழ்ந்தது என்று எழுத நமக்கு நாணமாயிருக்கின்றது. இது பிறர் வீட்டுக் குற்றம் என்று சொல்லி நாம் தப்பவும் முடியாது.

பின்னர் ஸதர்ட் குடும்பத்தார் சிக்காகோ நகருக்குக் குடிபெயர்ந்தனர். மகனைப் பிரிய அன்னைக்கு மனம் வரவில்லை. மாளிகையிலிருந்து குடிசைக்குத் திரும்பிய சிறுவர் பத்திரிகை விற்றுப் பிழைத்தார். எஞ்சியது பைசிக்கிள் ஒன்றே. அதன்மேல் ஏறி அவர் செய்த வேடிக்கை வித்தைகளைக் கண்ட ஹே, வில்லிட்ஸ் என்னும் பைசிக்கிள் வியாபாரிகள், வாரம் 6 டாலர் சம்பளத்தில் அவரை அமர்த்திக்கொண்டனர். கடையைப் பெருக்குதல், பொருள்களைத் துடைத்தல் ஆகியவற்றோடு, கடை வாயிலில் வித்தை காட்டிக் கூட்டம் சேர்த்தலும் அவர் வேலை. அவ்வேளை அவர் அணிந்த உடை போர்வீரர் உடை போன்றது. அதனால் மேஜர் என்று வேடிக்கையாக அழைத்தனர். வேடிக்கைப் பெயரே நிலைத்தது.

அக்கடையின் கண்ணாடிப் பேழையில் ஒரு பொற்பதக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வியாபாரிகள் ஆண்டுதோறும் நடத்தும் 10 மைல் சாலைப் பந்தயத்தில் வெல்வோர்க்கு உரியது அது. ஒருமுறை, டெய்லருக்கு 13 வயது இருக்கும்போது, பந்தயம் காண வந்த அவரை முதலாளி ஹே பிடித்து இழுத்து, ஓடுவோர் வரிசையில் நிறுத்திவிட்டார். கூட்டத்தைச் சிரிக்கவைக்கவே அவ்வாறு செய்தார். சிறுவர் அழுதார். அழுகையைக் கண்ட முதலாளி மனமிரங்கி, சிறிது தூரம் ஓட்டிச் சென்று திரும்பிவிடலாம் என்று காதோடு சொன்னார்.

இங்கே அக்காலத்துப் பந்தய முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். வல்லவனும் வலிமை குறைந்தவனும் ஒரே வேளையில் புறப்பட்டால் முடிவு முன்னரே தெரிந்துவிடும். ஆதலின் வலிமை குறைந்தவரை முதலில் விட்டு, வல்லவரைச் சில நிமிஷங்கள் கழித்து விடுவர். எல்லையை முதலில் கடப்பவர் வென்றவர். இம்முறைக்கு ஹாண்டிகாப் என்று பெயர். டெய்லருக்கு 15 நிமிஷம் முன்னதாகப் புறப்படும் சலுகை கிடைத்தது. சென்றவர் திரும்பவில்லை. கால் வலித்தது, மூச்சு வாங்கியது. பின்னால் வந்த பெரியவர்கள் நெருங்கி வந்தனர். முதலாளி எதிரே வந்து பொற்பதக்கத்தைத் தூக்கிக் காட்டினார். டெய்லர் 6 வினாடி வித்தியாசத்தில் எல்லையைக் கடந்து, மயங்கி விழுந்தார். கண் விழித்தபோது பதக்கம் அவர் மார்பில் இருந்தது.

பரிகாசத்திற்காக நிறுத்தப்பட்டவர் பரிசு பெற்றார் என்பதோடு கதை முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். முடியவில்லை. 1894ஆம் ஆண்டு லூயிவில் நகரில் கூடிய அமெரிக்கப் பைசிக்கிள் ஓட்டுவோர் சங்கம், வெள்ளையரல்லாதார் தன் உறுப்பினராதல் கூடாது என்று விதி செய்தது. பந்தயங்களில் ஓடுவதை அவ்விதி நேரே தடுக்கவில்லை. ஆனால் தடுக்க விரும்பியவர்க்குத் துணிவு தந்தது. அவ்விதி 1999ஆம் ஆண்டிலேதான் முறைப்படி நீக்கப்பட்டது என்று அறியும்போது நமக்கு வியப்பு ஒருபுறம், வேதனை ஒருபுறம்.

இக்காலத்தில் டெய்லருக்கு வாய்த்த துணைவர் லூயிஸ் மங்கர் என்பவர். தாமும் ஒருகாலத்தில் புகழ்பெற்ற பந்தய ஓட்டக்காரர், பின்னர் பைசிக்கிள் செய்யும் தொழிலில் இறங்கியவர், வெள்ளையர். டெய்லரைத் தம் வீட்டு வேலைக்கு அமர்த்திய மங்கர், இவரை உலகிலேயே விரைவு மிக்க ஓட்டக்காரராக்குவது என்று உறுதி பூண்டார். அக்கம்பக்கத்தார் இகழ்ந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. டெய்லரின் புகழை எழுதுவோர் இவரை ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றனர். அது முறையன்று என்பது நம் கருத்து.

1895ஆம் ஆண்டுக் கோடையில் இந்தியானாபொலிஸிலிருந்து மாத்யூஸ் என்னும் ஊர் வரையில் 75 மைல் பந்தயம் ஒன்று நடந்தது. டெய்லர் வருகிறார் என்று தெரிந்தால் மற்றவர் ஓடமாட்டார். ஆகவே அவர் மறைந்து நின்று, எல்லோரும் புறப்பட்டபின் பின்தொடர்ந்தார். கண்டுகொண்டவர்கள் வைதனர், அச்சுறுத்தினர். அவர்களிடமிருந்து தப்பும் பொருட்டே அவர் முன்னே பாய்ந்தார் எனலாம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது, சாலை சேறாயிற்று. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் விலகினர். மாத்யூஸ் ஊரை அடைந்தவர் டெய்லர் ஒருவரே. பரிசு, அவ்வூரில் ஒரு வீட்டு மனை. அமெச்சூர் என்ற வகுப்பினர், அதாவது தொழிலாகக் கொள்ளாது விளையாடுவோர், பணமாகப் பரிசு பெறுதல் கூடாது என்பது அக்காலத்து விதி. பதக்கமோ கடிகாரமோ மனையோ பெறலாம். மனைப் பத்திரத்தை அவர் தம் அன்னையின் கையில் கொடுத்தார்.

அவ்வாண்டே மங்கர் தம் தொழிலை மாஸசூஸெட்ஸ் மாகாணத்து வூஸ்டர் நகருக்கு மாற்றினார். டெய்லரும் உடன் சென்றார். அங்கே வாலிபர் கிறிஸ்தவ சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. ஓர் ஊரில் மூடிய கதவு மற்றோர் ஊரில் திறந்தது. அந்நாட்டில் மாரிக்காலம் முழுதும் சாலைகள் பனி மூடிக் கிடக்கும். பந்தயங்கள் நம் சித்திரை வைகாசியில்தான் தொடங்கும். அதுவரையில் அச்சங்கத்துக் கூடத்தில் உடலை உரமாக்கிக்கொண்டார். வூஸ்டரில் ஜார்ஜ் தெரு என்று ஒன்று உண்டு. அது தெரு என்பதினும் மலைச்சரிவு என்பதே பொருந்தும். ஏறத்தாழ 500 அடி நீளம், நடந்து ஏறுவோர்க்கே மூச்சுத் திணறும். அதன்மேல் பைசிக்கிளை ஓட்டி ஏறுதல் டெய்லரின் பயிற்சி. பைசிக்கிளை மெதுவாக ஓட்டும் போட்டியில் நடுவழியில் கால் ஊன்றிய நாம் இதைப்பற்றி மேலும் பேசாதிருத்தல் நலம்.

இனி 1896ஆம் ஆண்டு மே 30. அந்நாள் அமெரிக்கருக்கு ஒரு திருநாள். உள்நாட்டுப் போரில் உயிர் துறந்த வீரர்களின் கல்லறைகளை மலர் தூவி அணி செய்யும் நாள். அந்நாளில் ஆண்டுதோறும் நடைபெற்ற இர்விங்டன் மில்பர்ன் பந்தயம், அமெச்சூர் சாலைப் பந்தயங்களுள் அந்நாட்டிலேயே பெயர் பெற்றது. பருவம் தொடங்கிய சில வாரங்களில் வருவதாதலின், அவ்வாண்டு யார் யார் ஒளிவிடுவார் என்பதை அறிய எல்லோரும் அதையே எதிர்நோக்குவர். அது பைசிக்கிள் மோகம் அமெரிக்காவை ஆட்டிவைத்த காலம். ரயில்களில் வந்து குவிந்த மக்கள் சாலையின் இரு மருங்கும் நின்றனர். வீரர் பலர், நிமிஷ வரிசைப்படி, கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டனர்.

அக்காலத்துப் பந்தய வண்டியில் சக்கரம் சுழலும் வரையில் மிதிகட்டையும் சுழலும். காலைச் சும்மா வைத்திருத்தல் இயலாது. கைப்பிடி தாழ்ந்திருக்கும், முதுகை வளைத்து, முகத்தை முன்னே நீட்டி ஓட்டவேண்டும். வண்டியில் தடைக்கட்டை இராது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பின்வருவதை நோக்குக. டெய்லர் 24 மைலுக்கு மேல் ஓட்டிவிட்டார். எல்லைக்கு அரை மைல் தூரமே உள்ளது. எந்த ஓட்டக்காரரும் தம்மிடம் எஞ்சிய வலிமை அனைத்தையும் திரட்டும் இடம் அது. அப்போது கூட்டத்திலிருந்து எவனோ ஒருவன் பனிக்கட்டி நீரை அவர் முகத்தில் வீசி எறிந்தான்.

வெயிலில் கொதித்த உடலில் பனிநீர் பட்டால் மூச்சு நின்று திரும்பும். கண் தானே மூடும். கீழே கால்களோ நிற்காமல் சுழன்றுகொண்டிருக்கும். வண்டி சாயாமல் அவர் அதைச் செலுத்தி முடித்தார். இடம் 23.

நாம் இவ்விடத்தில் பல முறை நின்று எண்ணியதுண்டு. போரில் நின்ற வீரர்களுக்கு மலர் தூவும் நாள் அது. அப்போரில் நின்றவர் ஒருவரின் மகன் மீதே நீர் வீசப்பட்டது. வீசியவன் அதை எண்ணியிரான். டெய்லர் எண்ணினாரோ என்னவோ, சாலையை விட்டு இறங்கவில்லை. கூட்டத்திற்குள் புகுந்து எவன் என்று தேடவும் இல்லை. தேடியிருந்தால் நாம் அவரைக் குறை கூறமாட்டோம். பணிவு என்று சிலர் இதற்குப் பெயர் சூட்டுவர். அச்சொல் நமக்கு உடன்பாடன்று. எல்லைக்கோடு முன்னே இருந்தது. அவர் அதை நோக்கிச் சென்றார். அவ்வளவே.

அவ்வாண்டுக் கோடை முடிவதற்குள் விடையும் கிடைத்தது. ஆகஸ்டு மாதம் தம் பிறந்த ஊரின் பந்தய மைதானத்தில், வால்ட்டர் ஸாங்கர் என்னும் தொழில்முறை வீரர் ஒரு மைலை ஓடியிருந்த காலத்தினும் 8 வினாடிக்கு மேல் குறைந்த காலத்தில் டெய்லர் ஓடிக் காட்டினார். கூட்டம் ஆரவாரித்தது. மைதானத்தின் கதவோ அவருக்கு மூடப்பட்டது. வென்றதற்குத் தண்டனை! பருவத்தின் முதலில் தண்ணீர் எறிந்தார்கள். இறுதியில் கதவை மூடினார்கள். டிசம்பர் மாதம் நியூயார்க் நகரத்து மாடிஸன் ஸ்குவேர் மண்டபத்தில் அவர் தொழில்முறை வீரராகக் களம் புகுந்தார். முதல் அரை மைல் பந்தயத்தில் வென்று 200 டாலர் பரிசு பெற்றார். உடனே தொடர்ந்த ஆறு நாள் பந்தயத்தில், உறக்கம் கெட்டு, கத்தியேந்திய மனிதன் ஒருவன் துரத்துவதாக மனம் மருளும் நிலையிலும், 1,732 மைல் ஓட்டி எட்டாமிடம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 18.

அடுத்த ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லுவோம். எதிரிகள் ஒன்றுகூடி அவரை நடுவில் அடைத்தனர், முழங்கையால் இடித்தனர். 1897ஆம் ஆண்டு டாண்டன் நகரில் பந்தயம் முடிந்தவுடன் எதிரி ஒருவன் அவர் கழுத்தை நெரிக்க, நினைவிழந்து விழுந்தார். தென் மாகாணங்களில் அவரைக் களத்திலேயே விடவில்லை. இத்தனைக்கும் இடையே, 1899ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10ஆம் நாள் கானடா நாட்டு மான்ட்ரியால் நகரில் ஒரு மைல் பந்தயத்தில் உலகச் சாம்பியன் பட்டம் பெற்றார். கறுப்பினத்தாருள் எவ்விளையாட்டிலும் உலகச் சாம்பியனானவருள் அவர் இரண்டாமவர். முதல்வர் குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் டிக்ஸன். அவ்வாண்டே நீராவி வண்டியின் பின்னே ஓட்டி ஒரு மைலை 1 நிமிஷம் 19 வினாடியில் கடந்தார்.

வூஸ்டர் நகரத்து ஜான் தெரு பாப்டிஸ்டு சபையைச் சேர்ந்த அவர், ஞாயிற்றுக்கிழமை பந்தயம் ஓடுவதில்லை என்று விரதம் பூண்டிருந்தார். ஐரோப்பாவிலோ பெரும் பந்தயங்கள் ஞாயிறன்றே நடக்கும். பெரும்பணம் தருவதாக அழைத்தனர், மறுத்தார். முடிவில் அவர்களே இறங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக ஒப்பந்தம் எழுதினர். ஆகவே 1901ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிரெஞ்சு வீரர் ஜாக்லினோடு அவர் மோதிய இரண்டு நாள்களும் ஞாயிறல்ல. முதலாவது மே 16, கிறிஸ்து பரமேறிய திருநாளாகிய வியாழக்கிழமை. இரண்டாவது மே 27, பெந்தெகொஸ்தே ஞாயிற்றுக்கு மறுநாள்.

முதல் நாள் குளிர்; குளிர் டெய்லருக்கு எப்போதும் பகை. தோற்றார். வென்ற ஜாக்லின் அவரைப் பார்த்து மூக்கில் விரல் வைத்துப் பரிகசித்தார். பதினொரு நாள் கழித்து வெயில் அடித்தது. இரண்டு ஓட்டத்திலும் டெய்லரே முன்னே வந்தார். பரிகாசத்திற்குப் பரிகாசம் செய்யவில்லை. சிறிய அமெரிக்கக் கொடியொன்றை எடுத்து வீசியபடி மைதானத்தைச் சுற்றி வந்தார். தன் மைதானங்களில் தமக்கு இடமளிக்க மறுத்த நாட்டின் கொடி அது! இதனை நாட்டுப்பற்று என்பதா, அந்நாட்டாருக்கு விடுத்த மெல்லிய கண்டனம் என்பதா? இரண்டும் என்றே கொள்கிறோம்.

1902ஆம் ஆண்டு டெய்ஸி மாரிஸ் அம்மையாரை மணந்தார். ஆஸ்திரேலியாவில் ஓடினார், 1904ஆம் ஆண்டு ஸிட்னி நகரில் பிறந்த மகளுக்கு ரீட்டா ஸிட்னி என்று பெயரிட்டார். உடலும் மனமும் சோர்ந்து சில ஆண்டுகள் ஒதுங்கி, மீண்டும் வந்து, 1910ஆம் ஆண்டு களத்தை விட்டார். பின்பு அவர் தொட்ட வியாபாரங்கள் துலங்கவில்லை. ஈட்டிய செல்வம் கரைந்தது, வீடு போயிற்று, மனைவியாரும் பிரிந்தார். தம் வரலாற்றைத் தாமே எழுதி, தாமே 1928ஆம் ஆண்டு அச்சிட்டார். நூலை மங்கருக்கு உரிமையாக்கினார். தமக்கு இழைக்கப்பட்ட தீங்குகளை ஒன்றுவிடாமல் அதில் எழுதியிருக்கின்றார், மறைக்கவில்லை. ஆனால் தம்மைத் துன்புறுத்திய வெள்ளையர் சிலர், தம்மிடம் அன்பு பாராட்டிய வெள்ளையர் பல்லாயிரவர் என்றும் கணக்குத் தீர்த்திருக்கின்றார். பனிநீர் பட்ட முகத்துக்குரியவர் இப்படி எழுதியிருக்க, இன்னும் அவர்மேல் யார்க்கு என்ன வழக்கு இருக்க முடியும்?

அந்நூலைச் சிக்காகோ நகரில் வீடு வீடாகச் சென்று விற்றுக்கொண்டு அவர் கடைசி நாள்களைக் கழித்தார். தங்கியிருந்தது, கறுப்பினத்தார்க்கென அந்நகரில் இருந்த வாலிபர் கிறிஸ்தவ சங்க விடுதியில். 1932ஆம் ஆண்டு ஜூன் மாதம் 21ஆம் நாள், தர்ம ஆஸ்பத்திரிக் கட்டிலில் உயிர் நீத்தார். உடலை ஏழைகளுக்குரிய பகுதியில், பெயர்க்கல் இன்றிப் புதைத்தனர்.

பதினாறு ஆண்டுகள் அப்படியே கிடந்தது. பழைய பந்தய வீரர்கள் சிலர் ஒன்றுகூடி, பைசிக்கிள் உற்பத்தியாளர் பிராங்க் ஷ்வின் அளித்த பொருளைக் கொண்டு, அவர் உடலை எடுத்து, மவுன்ட் கிளென்வுட் கல்லறைத் தோட்டத்தின் நல்ல பகுதியில் அடக்கம் செய்து, வெண்கலப் பட்டயம் ஒன்றை நாட்டினர். அது 1948ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள். கல்லறைகளுக்கு மலர் தூவும் மே 30க்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.